ஒட்டு விடாத பொருத்து

(சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் எமது சங்கம் நடத்திய பிள்ளைகளுக்கான விமான மாதிரி வகுப்பின் முதல் நாளன்று, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை. பேச்சு நடையை இயன்றவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



என்னிடம் கேட்கப்பட்டது ஒரு சின்னக் கேள்வி. மரத்தால் விமான மாதிரி செய்வதற்கு எந்தப் பசை நல்லது? ஒரே சொல்லில் பதில் சொல்லிப்போட்டு நான் மேடையை விட்டு இறங்கலாம். மஞ்சள் தச்சுப் பசை. கடையிலே போத்தலில் "கோல் ஆ புவா" எண்டு பிரெஞ்சில் போட்டிருக்கும். மரப் பசை எண்டு அர்த்தம். ஆனால் அது முழு விடை இல்லை, பாருங்கோ. ஒரு விமானத்தில் நூறு பொருத்து இருந்தால், தொண்ணூறுக்கு அந்தப் பசை போதும். மிச்சம் பத்துப் பொருத்தில்தான் இறக்கை நிற்குமா முறியுமா என்பது இருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு வீட்டோடு தனியாக ஒரு வேலைக்கொட்டில் இருக்கும், யன்னல் இருக்கும், காற்றை வெளியே இழுக்கிற விசிறி இருக்கும். எங்களில் பலருக்கு இருப்பது சாப்பாட்டு மேசை. மாரி காலத்தில் யன்னலுக்கு மேலே பிளாஸ்ரிக் ஒட்டி, கதவிடுக்கிலே துணி அடைத்து வைத்திருக்கிற அப்பாட்மென்ற். பக்கத்து அறையில் கைக்குழந்தை நித்திரை. ஆகவே பசையைத் தெரியும்போது நாங்கள் பொருத்தையும் பார்க்கவேணும், அறையையும் பார்க்கவேணும். இதை எந்தப் போத்தலின் லேபிளும் உங்களுக்குச் சொல்லித் தராது.

இந்த வகுப்பை ஏன் இவ்வளவு தூரம் தள்ளி, தீவின் மேற்கு மூலையில் வைத்தீர்கள் என்று பார்க் எக்ஸ்ரென்ஷனில் இருந்து பஸ் ஏறி வந்த ஒரு ஐயா வாசலிலே குறைப்பட்டார். மண்டபம் கிடைத்தது என்பது ஒரு காரணம். மற்றது, இந்த ஊருக்கும் மர விமானத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இங்கே மக்கில் பல்கலைக்கழகத்தின் மக்டொனால்ட் வளாகம் இருக்கிறது, விவசாயம் படிப்பிக்கிற இடம். அந்த வளாகத்தில், கல்லால் கட்டிய பழைய தொழுவம் ஒன்றில், மொன்றியல் விமான அருங்காட்சியகம் பல வருஷம் இயங்கி வந்தது. ஓய்வு பெற்ற தச்சர்களும் மெக்கானிக்குகளும் விமானத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுமாகச் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், பழைய விமானங்களைத் திருத்தினார்கள். அவர்கள் கையால் முழு அளவில் கட்டிய ஒன்று பிளேரியோ விமானத்தின் பிரதி.

அந்தப் பிரதிக்கு மூலமான விமானத்தின் பெயர் "லெ ஸ்கராபே", வண்டு என்று பொருள். 1910 ஜூலை 2ஆம் திகதி, இங்கிருந்து கிழக்கே கொஞ்சத் தூரத்தில் இருக்கிற புவான்-கிளேரில் இருந்து கிளம்பி, ஜாக் டி லெசெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அதிலே மொன்றியல் நகரத்துக்கு மேலால் பறந்தார். கனடாவில் ஒரு நகரத்துக்கு மேல் விமானம் பறந்தது அதுதான் முதல் தடவை. அவருடைய தகப்பனார் யார் தெரியுமா? சூயஸ் கால்வாயை வெட்டுவித்த பேர்டினண்ட் டி லெசெப்ஸ். கொழும்பில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் படிக்கப் போன எங்கள் ஊர் டொக்டர்மாரும் அப்புக்காத்துமாரும் அந்தக் கால்வாயால்தான் போனார்கள். சரி, அதை விடுவோம்.

அந்த விமானத்தின் உடம்பு மரச்சட்டம். சட்டங்கள் சந்திக்கிற மூலைகளிலே யூ வடிவ ஆணி போட்டு, குறுக்கும் மறுக்குமாக உருக்குக் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள். பசையை மட்டும் நம்பி ஒருத்தரும் மேலே போகவில்லை. அக்காலத்தில் மரத்துக்கு இருந்த பசை இரண்டு வகை. ஒன்று மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. மற்றது பாலில் இருக்கும் புரதத்தைத் திரித்து எடுத்துச் சுண்ணாம்போடு கலப்பது.

தோலில் காய்ச்சுகிற பசையை இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எங்கள் தச்சர்கள் வச்சிரம் என்று சொன்னது அதைத்தான். கட்டி கட்டியாக வாங்கி, இரவு தண்ணியில் ஊறப் போட்டு, அடுத்த நாள் தண்ணிச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்துச் சூடாக்குவார்கள். நேரே நெருப்பில் வைத்தால் கருகிப் பலம் போய்விடும். அந்த மணம் ஒரு தரம் மூக்கில் ஏறினால் மறக்காது. ஆனால் அந்தப் பசையால் பூட்டிய கதிரை, வீட்டுக்குள்ளே இருந்தால் மூன்று தலைமுறைக்கு நிற்கும். மழையில் விட்டால் ஒரு மாரிக்கும் நிற்காது. தண்ணியும் சூடும்தான் அதன் எதிரி.

பாற்புரதப் பசை தண்ணியைக் கொஞ்சம் கூடத் தாங்கும். ஆனால் ஈரம் தொடர்ந்து இருந்தால் பூஞ்சணம் பிடித்துத் தின்னும். இரண்டாம் உலக யுத்தத்திலே பிரிட்டிஷார் மொஸ்கிற்றோ என்று ஒரு விமானம் செய்தார்கள். நுளம்பு! 1940 நவம்பர் 25இல் முதலில் பறந்தது. இரண்டு எஞ்சின், மணிக்கு 600 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடியது, உடம்பு முழுக்க மரம். பேர்ச் ஒட்டுப்பலகை இரண்டுக்கு நடுவிலே பல்சா மரம், இறக்கைக்கு ஸ்புரூஸ். அதில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை எங்கள் பக்கத்து நகரமான ரொறொன்ரோவில், டவுன்ஸ்வியூவில் கட்டப்பட்டவை. ஆரம்பத்தில் அதற்குப் பாற்புரதப் பசைதான். பிறகு, 1937 அளவில் இங்கிலாந்தில் நோர்மன் டி புருயின் என்ற விஞ்ஞானி கொண்டுவந்த ஏரோலைட் என்ற செயற்கைப் பசைக்கு மாறினார்கள்.

1944 கடைசியில் இந்தியா, பர்மா முனையிலே இந்த விமானங்கள் சிலதின் இறக்கை வானத்திலேயே முறிந்தது. உயிர்கள் போயின. நவம்பர் மாதம் எல்லாவற்றையும் தரையில் நிறுத்தினார்கள். மழை, வெக்கை, அதனால் பசை அழுகிவிட்டது எண்டு கதை அடிபட்டது. இங்கிலாந்தில் இருந்து ஆட்கள் போய்ப் பிரித்துப் பார்த்தார்கள். ஒட்டு விட்டுப்போன விமானங்களில், இறக்கையின் உள்விட்டமும் மேலே மூடிய பலகையும் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டிருந்ததும், ஒட்டுவேலையில் விட்ட குறைகளும் வெளிவந்தன. காலநிலை அந்தப் பலவீனத்தை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான் என்பது எனது அபிப்பிராயம்.

பிள்ளைகளே, இன்றைக்கு நான் சொல்லுற எல்லாத்திலும் இதை மட்டும் எழுதி வையுங்கோ. பசை என்பது இடைவெளியை நிரப்புகிற சீமெந்து இல்லை. இரண்டு மரமும் ஒன்றையொன்று முழுக்கத் தொடவேணும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் இடுக்கால் வெளிச்சம் தெரியக்கூடாது. தெரிந்தால் இன்னும் ஒரு தரம் சான்ட் பேப்பர் பிடி. நல்லாய்ப் பொருந்தின மூட்டுக்குச் சாதாரணப் பசை போதும். பொருந்தாத மூட்டை எந்த விலை கூடின பசையாலும் காப்பாற்ற ஏலாது.

இப்ப மரத்துக்கு வருவோம். நாங்கள் பாவிக்கப் போவது பெரும்பாலும் பல்சா. எக்குவடோரில் இருந்து வருகிறது. எங்கடை இலவ மரத்தின் குடும்பம். ஒரு கன மீற்றர் நல்ல பல்சா 100 முதல் 250 கிலோவுக்குள் நிற்கும். அதே அளவு தண்ணி 1,000 கிலோ. அவ்வளவு லேசு. லேசு என்றால் மென்மை. மஞ்சள் பசைப் போத்தலில் சதுர அங்குலத்துக்கு 3,600 இறாத்தல் தாங்கும் எண்டு பெருமையாகப் போட்டிருப்பார்கள். அது மேப்பிள் போல வைரமான மரத்தில் பரிசோதித்த கணக்கு. பல்சாவில் அந்தப் பசை விடுவதற்கு முன்னமே மரம் கிழிந்து போகும். ஆகவே பல்சாவுக்குப் பல்சா ஒட்டும்போது, "எந்தப் பசை பலம் கூட?" என்ற கேள்விக்கே இடமில்லை. எல்லாம் மரத்தை விடப் பலம். எது பாரம் குறைய, எது சான்ட் பேப்பர் பிடித்தால் மரத்தோடு சேர்ந்து தேயும், எது பிள்ளையின் மூச்சுக்குக் கேடில்லை, இவைதான் கேள்வி. இந்த மூன்றிலும் மஞ்சள் பசை வெல்லும். அதில் பாதியளவு தண்ணி. காய்ந்ததும் அந்தப் பாரம் போய்விடும். எப்பொக்சியில் ஊற்றின பாரம் அப்படியே நிற்கும்.

வெள்ளைப் பசை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது, அதுவும் பல்சாவைப் பிடிக்கும். ஆனால் காய்ந்த பிறகும் றப்பர் மாதிரி இருக்கும், தேய்க்க வராது. இழுவை தொடர்ந்து இருக்கிற இடத்தில் மெல்ல மெல்ல வழுகும். கோடையிலே காருக்குள் விமானத்தை விட்டுவிட்டு நயாகரா பார்க்கப் போய் வந்தால், இறக்கையின் வளைவு மாறியிருக்கும்.

மரத்தின் நரம்பைப் பற்றி ஒரு சொல். கரும்பைக் குறுக்கே வெட்டின முகத்தைப் பாருங்கோ, துவாரம் துவாரமாக இருக்கும். மரமும் அப்படித்தான். நரம்பு முடிகிற வெட்டு முகத்தில் பசை பூசினால், திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி உள்ளே இழுத்துவிடும். மேலே ஒன்றும் மிஞ்சாது. அதற்கு வழி லேசு. முதலில் மெல்லியதாய் ஒரு பூச்சு விரலால் தேய்த்து, ஐந்து நிமிஷம் விடு. துவாரம் அடைபடும். பிறகு இரண்டாம் பூச்சுப் பூசிப் பொருத்து. இந்த ஐந்து நிமிஷத்தைப் பொறுக்கமாட்டாமல்தான் பாதிப் பொடியளின் விமானங்கள் வால் கழன்று விழுகின்றன.

அடுத்தது அந்தப் பத்துப் பொருத்து. ஒரு கணக்கு பார்ப்போம், வளர்ந்த பிள்ளைகள் கவனியுங்கோ. 1.2 கிலோ பாரமான விமானம். வேகமாக வந்து ஒரு குத்துக்கரணம் அடிக்கிறது. அந்த நேரம் பாரம் ஐந்து மடங்காகும் என்று வைப்போம், 6 கிலோ. ஒரு பக்க இறக்கை 3 கிலோவைத் தாங்கவேணும். அந்த 3 கிலோவும் நடுவில் இருந்து 25 சென்ரிமீற்றர் தள்ளி நிற்பதாகக் கொண்டால், நெம்புகோல் கணக்கில் 75. இறக்கைக்குள்ளே மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இரண்டுக்கும் இடையில் 2 சென்ரிமீற்றர். 75ஐ 2ஆல் பிரித்தால் முப்பத்தேழரைக் கிலோ. அதாவது கீழ்ச் சட்டத்தை முப்பத்தேழரைக் கிலோ இழுக்கிறது, மேல்ச் சட்டத்தை அதே அளவு நெரிக்கிறது. எங்கே? இடது இறக்கையும் வலது இறக்கையும் சேருகிற நடுவிலே. ஒரு பெரிய அரிசி மூட்டையைப் பென்சில் மொத்தமான சட்டத்திலே தொங்கவிட்ட மாதிரி.

இந்த இடத்தில் இரண்டு சட்டத்தின் நுனியை நுனியோடு ஒட்டிவிட்டு, நல்ல பசை போட்டேன் எண்டு சொல்லிப் பிரயோசனம் இல்லை. நுனிக்கு நுனி ஒட்டுவது வெட்டு முகம். இழுவையில் விட்டுவிடும். பக்கவாட்டில் ஒன்றரை மில்லிமீற்றர் பேர்ச் பிளைவூட் தகடு ஒன்றை இரண்டு சட்டத்துக்கும் குறுக்கே நீளமாக வைத்து ஒட்டவேணும். அப்போது இழுவை தகட்டின் முழுப் பரப்பிலும் பரவும். பசைக்கு வழுக்கு இழுவையைத் தாங்குவது சுகம். உரிக்கிற இழுவைதான் அதற்குப் பிடிக்காது. கடித உறையில் இருந்து முத்திரையைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கோ, வராது. ஒரு மூலையை நகத்தால் கிளப்பி உரித்தால் வந்துவிடும். நீளச் சட்டம் ஒன்று கட்டையாகிப் போனால் இன்னொன்றோடு சரிவாகச் சீவி ஒட்டலாம். மொத்தம் ஒரு பங்கு என்றால் சரிவு பத்துப் பன்னிரண்டு பங்கு நீளம் இருக்கட்டும். நிசமான மர விமானம் கட்டுகிறவர்கள் பிடிக்கிற அளவும் அதுதான்.

இந்த நடு மூட்டுக்கும், மோட்டர் பூட்டுகிற முன் பலகைக்கும், சில்லுக் கம்பி நிற்கிற இடத்துக்கும் எப்பொக்சி. இரண்டு குழாய், சம அளவு, நல்லாய்க் குழைக்கவேணும். கடினமாக்கியைக் கொஞ்சம் கூட விட்டால் கெதியாய் இறுகும் எண்டு சிலர் நினைக்கிறார்கள். இறுகாது, கொழகொழவென்று நிற்கும். ஐந்து நிமிஷ எப்பொக்சி அவசரத் திருத்தத்துக்கு. இந்த நடு மூட்டுக்கு அரை மணித்தியால வகை எடுங்கோ, அது மரத்துக்குள் ஊறுவதற்கு அவகாசம் கிடைக்கும். மஞ்சள் பசைக்கு நெருக்கிப் பிடிக்கவேணும். எப்பொக்சிக்கு மெல்லப் பிடித்தால் போதும், நெருக்கினால் எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும். பிளைவூட்டின் மினுக்கத்தைச் சான்ட் பேப்பரால் எடுத்த பிறகு ஒட்டுங்கோ.

எப்பொக்சியைக் கையில் படவிடக்கூடாது. இன்றைக்கு ஒன்றும் செய்யாது. பல தரம் பட்டால் சிலருக்கு உடம்பு அதை எதிரியாய்ப் பிடித்துக்கொள்ளும், பிறகு கொஞ்சம் பட்டாலே தோல் சொறிந்து வெடிக்கும், அது வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். நைற்றில் கையுறை போடுங்கோ. தொழிற்சாலையில் பாவிக்கும் தகப்பன்மாருக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்.

சில்லுக் கம்பியை ஒட்டுவது மட்டும் போதாது. முதலில் நூலால் சுற்றிக் கட்டவேணும், கட்டின பிறகு நூலின் மேல் எப்பொக்சி. இந்த வேலை எங்களுக்குப் புதிசில்லை. கட்டுமரத்தைக் கட்டுவது கயிறு, பசை இல்லை. பெயரே அதைத்தான் சொல்லுது. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏற்றுகிற பட்டங்களைப் பாருங்கோ. ஆளுயரப் பட்டம். மூங்கில் சந்திக்கிற இடமெல்லாம் நூல் கட்டு. கடதாசிக்குத்தான் சோற்றுப் பசை அல்லது மாப் பசை. எங்கே கட்டு, எங்கே ஒட்டு என்ற அறிவு அந்தப் பட்டத்திலே இருக்கிறது. இந்தச் சபையில் பட்டம் கட்டின கைகள் எத்தனையோ இருக்கின்றன. இப்ப ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுகிற கையாய் இருக்கலாம், துணி ஆலையில் கத்தரிக்கோல் பிடிக்கிற கையாய் இருக்கலாம். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு வெளியிலே கோப்பி குடிக்கப் போகாமல், பக்கத்தில் இருந்து அந்த முடிச்சை நீங்களே போட்டுக் காட்டுங்கோ. பிள்ளைக்குத் தமிழ் குறைவு, உங்களுக்கு பிரெஞ்சு குறைவு. முடிச்சுக்கு இரண்டும் தேவையில்லை.

சூப்பர் குளூவைப் பற்றிக் கேட்பீர்கள் எண்டு தெரியும். 1942இல் அமெரிக்காவில் ஹரி கூவர் என்பவரின் குழு, துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிந்த பிளாஸ்ரிக் தேடப் போய்க் கண்டது. தொட்டதெல்லாம் ஒட்டுது எண்டு தள்ளி வைத்தார்கள். 1951இல் மறுபடி கையில் எடுத்து, 1958இல் விற்பனைக்கு விட்டார்கள். காற்றிலும் மரத்திலும் இருக்கிற துளி ஈரத்தால்தான் அது இறுகும். அதனாலேதான் மொன்றியல் மாரியில், ஹீற்றர் போட்டு வீடு காய்ந்திருக்கும்போது, கோடையை விட மெதுவாக இறுகும். பொருத்தி வைத்த மூட்டுக்குள் தண்ணி மாதிரி ஓடி இறங்கும் மெல்லிய வகை உண்டு, தடித்த வகையும் உண்டு. வேகம் என்ற ஒன்றில் அதை வெல்ல ஆளில்லை. ஆனால் கண்ணாடி மாதிரி. நிலத்தில் மூக்குக் குத்தினால் மூட்டு டக்கென்று விடும்.

அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். தொய்வு உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில், யன்னல் பூட்டின மாரியில், வேண்டவே வேண்டாம். பருத்தித் துணியில், பஞ்சில் ஊற்றுப்பட்டால் சூடேறிப் புகைக்கும், தோலைச் சுடும். விரல் ஒட்டினால் இழுத்துப் பிய்க்காதையுங்கோ. இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணியில் வைத்து, பென்சில் உருட்டுகிற மாதிரி மெல்ல உருட்டிப் பிரிக்கவேணும். கண்ணில் பட்டால் வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரி. சந்தேகம் என்றால் 811க்கு அடியுங்கோ, தாதி ஒருவர் கதைப்பார். இந்த வகுப்பில் 12 வயதுக்குக் கீழே உள்ளவர் கையில் அது வராது. இது எனது சட்டம், வாதாட வரவேண்டாம்.

பழைய பல்சா சீமெந்து, கரைப்பான் மணக்கிற குழாய்ப் பசை, அதுவும் அப்படித்தான். மணமே ஆபத்து, தீயும் பிடிக்கும். காயும்போது சுருங்கி மெல்லிய இறக்கையை முறுக்கிவிடும். நுரைத்துப் பொங்குகிற பொலியூரிதேன் பசையில், அந்த நுரை பார்வைக்குப் பெரிசு, பலம் இல்லை. ஸ்ரைரோபோம் இறக்கைக்கு மேல் பல்சாத் தகடு ஒட்டுவதற்கு நல்லது, மற்றதுக்குத் தேவையில்லை.

எங்கள் குளிருக்கு இரண்டு புத்தி. மரத்தைக் கடையில் வாங்கி வந்த உடனே வெட்டாதையுங்கோ. வீட்டுக்குள்ளே சில நாள் கிடக்கட்டும். காய்ந்த வீட்டில் மரம் அகலத்தில் சுருங்கும். சுருங்கி முடிந்த பிறகு ஒட்டினால் பிறகு இழுக்காது. அதோடு, மஞ்சள் பசை பத்துப் பாகைக்குக் கீழே சரியாய்ப் பிடிக்காது. குளிர்ந்த கராச்சில் ஒட்டினால் மூட்டின் ஓரத்தில் சோக்கட்டி மாதிரி வெள்ளைத் தூள் தெரியும். அது பசை இல்லை, பசையின் பிணம். அந்த மூட்டைப் பிரித்துத் துடைத்து, வீட்டுக்குள் கொண்டுவந்து மறுபடி ஒட்டவேணும்.

பறக்க விடுவதைப் பற்றியும் சொல்லவேணும். றப்பர் பாண்டில் ஓடுகிற சின்ன மாதிரி என்றால், சனம் இல்லாத புல்வெளி போதும். றிமோட்டில் பறப்பது 250 கிராமைத் தாண்டினால், 2019 ஜூனில் வந்த கனடாச் சட்டப்படி பதிவும் வேணும், ஓட்டுகிறவருக்குச் சான்றிதழும் வேணும். டோர்வல் விமான நிலையம் கிட்ட இருப்பதால் இந்தப் பக்கம் நினைத்த இடத்தில் ஏற்ற முடியாது. மறுபடியும் நான் அந்த முப்பத்தேழரைக் கிலோவைத்தான் நினைக்கிறேன். இறக்கை மடிந்த ஒன்றரை இறாத்தல், இரண்டு இறாத்தல் கட்டை, பூங்காவில் தொட்டில் தள்ளிக்கொண்டு போகிற தாயின் தலைக்கு மேலே வந்தால் அது விளையாட்டுச் சாமான் இல்லை.

(உரைக்குப் பின் சபையோர் கேட்ட கேள்விகளில் சில)

ஒரு தாயார்: தம்பி, ஒட்டினது சரியோ பிழையோ எண்டு எங்களுக்கு எப்படித் தெரியும்? மேலால் பார்க்க எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கு.

மேலால் பார்த்துத் தெரியாது அக்கா. உடைத்துத்தான் பார்க்கவேணும். விமானத்தை இல்லை. வெட்டி மிஞ்சின துண்டு இரண்டை, அதே பசையால், அதே நாள், ஒன்றின் மேல் ஒன்று இரண்டு சென்ரிமீற்றர் ஏறும்படி ஒட்டி வையுங்கோ. ஒரு முழு நாள் விட்டு முறியுங்கோ. மரம் கிழிந்து, ஒரு துண்டின் நார் மற்றதில் ஒட்டிக்கொண்டு வந்தால், விமானத்தில் இருக்கிற மூட்டும் சரி. பசை மட்டும் மினுமினுவென்று கழன்று, இரண்டு மரமும் முழுசாய் வந்தால், எங்கேயோ பிழை. குளிரா, எண்ணெய்க் கையா, பழைய பசையா எண்டு தேடவேணும்.

ஒரு ஐயா: வச்சிரம் இங்கே எடுக்கலாமோ?

எடுக்கலாம். வயலின் செய்கிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் பாவிக்கிறார்கள், பிறகு சூடு காட்டிப் பிரித்துத் திருத்தலாம் என்பதற்காக. விமானத்துக்கு வேண்டாம் ஐயா. ஆனால் நீங்கள் காய்ச்சிக் காட்டுவதாக இருந்தால் அடுத்த சனிக்கிழமை ஒரு மேசை தனியாகப் போட்டுத் தருகிறோம். மண்டபக்காரர் மணத்துக்கு என்ன சொல்லுவாரோ தெரியாது.

ஒரு சிறுமி: எங்கடை அப்பாவின்ரை கராச்சிலை போன வருஷப் பசை இருக்கு. அதைக் கொண்டு வரலாமா?

மாரி முழுக்க அது கராச்சில் உறைந்து உறைந்து இளகியிருக்கும் பிள்ளை. கொண்டுவந்து காட்டு. விரலில் ஒரு துளி எடுத்து உரஞ்சிப் பார்ப்போம். வழுவழுவென்று பாணி மாதிரி இருந்தால் ஒரு துண்டு ஒட்டி முறித்துப் பார்க்கலாம். தயிர் மாதிரித் திரைந்திருந்தால், அல்லது இழை இழையாய் வந்தால், குப்பை. புதுப் போத்தல் சங்கம் தரும். வீட்டுக்குள்ளே வை.